நாலு வினாடி முன்னால்

ஜெயபாலனுக்கு வேலை போனபோது வயது ஐம்பத்தேழு. சிங்கப்பூரில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்துநாலு வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்தவர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கி, அதில் இரண்டு துண்டு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. வாரம் முழுக்க எல்லைக்கு இந்தப் பக்கம் தம்போயில் ஒரு வாடகை அறை, சனிக்கிழமையானால் ரயிலேறி பாலோவில் இருக்கும் சொந்த வீடு. அப்படியே காலம் போனது. ஒருநாள் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு வந்தார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அந்த வீட்டில் இருந்து அவருக்குப் பழக்கமே இல்லை என்று. மனைவி வாசுகி பாலர்பள்ளி ஆசிரியை. காலை ஏழரைக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை என்ன செய்வது? முதலில் துணி காயப்போடும் கொடிக்கம்பத்தின் நிழலை மணிக்கு மணி சுண்ணக்கட்டியால் குறித்தார். நண்பகல் என்பது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒன்றைத் தாண்டித்தான் வருகிறது என்று கண்டுபிடித்து, வாசுகியிடம் சொன்னார். "அதுக்கு நா இன்னும் ஒரு மணி நேரம் பசியோட இருக்கணுமா?" என்று அவள் கேட்டாள். பிறகு மழையை அளந்தார். அதுவும் ஆறு மாதத்தில் அலுத்தது. அப்புறம்தான் யூடியூப்பில் ஒருவர் வீட்டிலேயே நிலநடுக்கமானி செய்வதைப் பார்த்தார்.

கேட் தூணில் மாட்டிய கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சாய்ந்த தூணாக இருந்தால் அந்தக் கதவு தானாக ஓர் இடத்தில் வந்து நிற்கும். லேசாகத் தொட்டால் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பும். அவர் செய்ததும் அதுதான், அளவு மட்டும் சின்னது. பின்கட்டு ஸ்டோர் அறையின் சிமெண்டுத் தரையில் போல்ட் அடித்து ஒரு இரும்புத் தூண். அதிலிருந்து படுக்கைவாட்டில் ஒரு கம்பி. கம்பியின் நுனியில் தூண்டில் ஈயக்குண்டுகளை உருக்கி ஊற்றிய மிலோ டின். பூமி ஆடினால் தூணும் கூட ஆடும். ஆனால் எடை சோம்பேறி, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தை ஒரு காந்தமும் ஒரு செம்புக்கம்பிச் சுருளும் மின்சாரமாக்கி, மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் பச்சைக் கோடாக வரையும். சுருளுக்கு மூவாயிரம் சுற்று. கையாலேயே சுற்றினார். ஆயிரத்து இருநூறில் இருந்தபோது வாசுகி ஏதோ கேட்கப்போய் எண்ணிக்கை தவறிவிட்டது. முழுதையும் பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தக் கோடு எல்லாவற்றையும் எழுதியது. ரயில் வருவதை, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறுவதை, வாசுகியின் துணிதுவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் உதறிக்கொள்வதை. மூன்றாம் மாதம் சுமத்ரா கடலோரம் எங்கோ பூமி அதிர்ந்ததையும் எழுதியது. அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பூமி உடையும்போது இரண்டு அலை கிளம்பும். முதல் அலை வேகமானது, ஆனால் சின்னது. கேட்டைத் தட்டிவிட்டு நிற்கும் ஆள் மாதிரி. இரண்டாவது நிதானமாக வரும், வீட்டை ஆட்டுவது அதுதான். இரண்டுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் தள்ளி நடந்தது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் என்று தெரியாது. வரைபடத்தில் காம்பஸால் ஒரு வட்டம் போடலாம், அந்த வட்டத்தின் மேல் எங்கேயோ. இடம் தெரிய வேண்டுமென்றால் வேறு இரண்டு ஊரில் இன்னும் இரண்டு பேர் இதேபோல ஸ்டோர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி யாரும் இல்லை. இருந்தாலும் அவருக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி தாண்டியிருக்கும். ஜெயபாலன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று பேசின. காலடியில் தரை ஒருமுறை நழுவித் திரும்பியது. வாசுகி படுக்கையிலிருந்து "என்னங்க!" என்று கத்தினாள். அவர் வாயில் நுரையோடு ஸ்டோர் அறைக்கு ஓடினார். பச்சைக் கோடு திரையின் மேலும் கீழும் முட்டிக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தது. நடு இடைவெளியை எண்ணினார். ஆறு. ஆறெட்டு நாற்பத்தெட்டு. காம்பஸை வைத்துச் சுற்றினால் வட்டம் செகாமாட்டைத் தொட்டுக்கொண்டு போனது. அரை மணி கழித்துச் செய்தியிலும் செகாமாட் என்றுதான் சொன்னார்கள்.

அன்று காலை அவர் சந்தோஷமாக இருந்தார். ஊரே பயந்துபோய் ரோட்டில் நிற்கும்போது இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான். எதிர்வீட்டு வசந்தன் வந்து பார்த்தான். அந்தக் குடியிருப்புத் தாமானில் எதற்கும் முன்னால் நிற்பவன், குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவனும் அவன்தான். "அலமாக்! அண்ணே, இத வீட்டுலயே வச்சிருக்கீங்களா?" என்று லேப்டாப்பையும் மிலோ டின்னையும் படம் பிடித்துக் குழுவில் போட்டான். 'நம்ம தாமானிலேயே பூகம்ப ஆராய்ச்சி நிலையம்' என்று கீழே எழுதினான்.

அத்தோடு தொடங்கியது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. இனி எப்போது வரும்?

"அது யாருக்கும் தெரியாது" என்றார் ஜெயபாலன்.

"மிஷின் இருக்குல்லண்ணே?" என்றான் வசந்தன்.

"மிஷின் நடந்தத சொல்லும்பா. நடக்கப் போறத சொல்லாது."

"அப்புறம் எதுக்கு மிஷின்?"

அவர் ஸ்டோர் அறைக் கதவைச் சாத்தினார். சொல்ல விரும்பாமல் மறைக்கிறார் என்று இரண்டு பேர் குழுவில் எழுதினார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்வராணி மட்டும் எதுவும் கேட்கவில்லை. அறுபத்தொன்பது வயது. குளுவாங்கில் ஒரு பள்ளிக் கேண்டீனில் முப்பது வருஷம் சமைத்தவர். கணவர் இல்லை, ஒரே மகன் ரூபேந்திரன் தம்போயில் இருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர், பின்னால் இடுப்பளவு மதில். செல்வராணி தாளித்தால் ஜெயபாலன் தும்முவார். அந்த அம்மாள் ஞாயிறு மாலையே கேன்வாஸ் கட்டிலை இழுத்துவந்து கார் நிறுத்தும் இடத்தில் போட்டுக்கொண்டார். வரவேற்பறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது பல வருஷத்து விரிசல், ஜெயபாலனே ஒருமுறை அதில் சிமெண்டு பூசிக் கொடுத்திருக்கிறார். ஆனால் செல்வராணிக்கு அது ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. சமைக்கவும் குளிக்கவும் மட்டும் உள்ளே போவார், அதுவும் அவசர அவசரமாக. திங்கள் அடைமழை, சாரல் கட்டில்வரை அடித்தது. செவ்வாய்க்கிழமை அவர் குரல் கம்மியிருந்தது, உடம்பு சுட்டது.

அன்று மத்தியானம் ரூபேந்திரன் போன் செய்தான்.

"அங்கிள், அம்மா சொல்பேச்சு கேக்க மாட்றாங்க. கொசு கடிச்சு டெங்கி வந்துருச்சுன்னா? எனக்கு லீவு சனிக்கிழமதான். நீங்க சொன்னா கேப்பாங்க."

"நா என்ன சொல்றது தம்பி?"

"இனிமே வராதுன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"அது எனக்குத் தெரியாதே. வரலாம், வராமயும் போலாம். பெரிசா ஒண்ணு வந்தா பின்னால சின்னது வர்றது உண்டு."

"அங்கிள், ப்ளீஸ் லா. சும்மா ஒரு வார்த்த. வீட்டுக்குள்ள படுத்தா போதும்."

ஜெயபாலன் போனை வைத்தார். இருபத்துநாலு வருஷத்தில் தான் அளக்காத ஒன்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு சமயம் மேலாளரே வந்து நின்று கேட்டபோதும் போடவில்லை.

சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு போனார். செல்வராணி கட்டிலில் உட்கார்ந்து கால்களைச் சொறிந்துகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

"வாப்பா" என்றார். "ஒன்ன தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் நா வரல. ஆளாளுக்கு வந்து ஒன் உயிர எடுக்கறாங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா எனக்கு மட்டும் சொல்லிடு தம்பி. ஒரு வார்த்த. வருமா, வராதா?"

ஜெயபாலன் அந்தக் கால்களைப் பார்த்தார்.

"வராதுக்கா. உள்ள போய்ப் படுங்க."

செல்வராணி அவர் முகத்தைக்கூட மறுபடி பார்க்கவில்லை. உடனே எழுந்து கட்டிலை மடக்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அதை உள்ளே தூக்கிப் போனார்கள். "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டார் ஜெயபாலன்.

மறுநாள் புதன்கிழமை. வாசுகி பள்ளிக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்பு அவர் ஸ்டோர் அறையில் லேப்டாப்பின் முன் இருந்தார். சுவருக்கு அப்பால் செல்வராணி குளிக்கும் தண்ணீர்ச் சத்தம். மனசு லேசாகத்தான் இருந்தது. ஓர் இரவு அந்த அம்மாள் உள்ளே தூங்கிவிட்டார். இன்னும் இரண்டு இரவு போனால் பயம் தானாகத் தெளிந்துவிடும்.

கோடு வெட்டியது.

ரயில் வந்தால் கோடு மெதுவாகப் பருக்கும், லோரி வந்தால் அலைந்து அலைந்து பெரிதாகும். இது நகத்தால் கிள்ளியது போல ஒரே ஒரு கூர். அது எது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முதல் அலை. கேட்டைத் தட்டிய ஆள். அடுத்தது வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு பெரியது என்று தெரியாது. கையில் இருப்பது மூன்று வினாடியோ நாலு வினாடியோ.

யோசித்துச் செய்ததாக அவர் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. எழுந்தார், பின்வாசலுக்குப் பாய்ந்தார், மதிலைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"அக்கா! வருது! வெளிய வாங்க! ஓடி வாங்கக்கா!"

அப்புறம் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கும். பின்வாசல் அலமாரியில் ஆணி போட்டு வைத்திருந்த டின் சிணுங்கியது. கொடியில் ஒரு துணி அசைந்தது, அது காற்றாகவும் இருக்கலாம். எதிர்வீட்டில் வசந்தனின் மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவேயில்லை. எல்லாம் முடிந்த பிறகு, மதிலுக்கு அப்பால் ஒரு வாளி உருண்டது. அதன்பின், ஈரச் சிமெண்டில் ஆள் விழும் சத்தம்.

மதிலைத் தாண்டி அவர் குதித்தார். செல்வராணி குளியலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவில் கிடந்தார். மார்பில் கட்டியிருந்த கைலி ஈரமாக ஒட்டியிருந்தது. தலைமுடியெல்லாம் சோப்பு நுரை. வலது கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஜெயபாலன் கொடியிலிருந்து கைக்கு அகப்பட்ட போர்வையை இழுத்து அவர்மேல் போர்த்தினார்.

"வந்துருச்சா தம்பி?"

"வந்துட்டு போயிருச்சுக்கா."

"வீடு நிக்குதா?"

"நிக்குதுக்கா."

"அப்பாடா" என்றார் செல்வராணி. அதற்குப் பிறகுதான் வலி அவரைப் பிடித்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் தகடு வைத்து ஆணி அடிக்க வேண்டும் என்றார்கள். வாசுகி பள்ளியிலிருந்து நேராக அங்கே வந்தாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று அவர் தோளைத் தொட்டாள். நடந்ததை அவர் முழுதாகச் சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை.

அதற்குள் குழுவில் செய்தி பரவிவிட்டது. வசந்தன் எழுதியிருந்தான்: நிலநடுக்கம் வருவதற்கு நாலு வினாடி முன்பே ஜெயபாலன் அண்ணன் கண்டுபிடித்து எச்சரித்துவிட்டார், செல்வராணி அக்கா உயிர் தப்பினார். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஜெயபாலன் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். 'நான் கத்தியதால்தான் அவர் ஓடிவந்து விழுந்தார். அந்த அதிர்வில் ஒரு டம்ளர்கூட விழவில்லை. கத்தாமல் இருந்திருந்தால் அவர் குளித்து முடித்திருப்பார்.' அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'அண்ணனுக்கு எப்பவும் தன்னடக்கம்.' இன்னொருவர் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார். யாரோ சைரன் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு இருபது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

ரூபேந்திரன் மத்தியானமே வந்துவிட்டான். சனிக்கிழமைதான் கிடைக்கும் என்ற விடுப்பு இப்போது கிடைத்திருந்தது. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே இருவரும் பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்கள்.

"வராதுன்னு சொன்னீங்க அங்கிள்" என்றான்.

"நீதான தம்பி சொல்லச் சொன்ன."

"ஆமா" என்றான் அவன். "நாந்தான்."

இருவரும் இயந்திரத்துக்குள் இருந்த டின்களைப் பார்த்தபடி நின்றார்கள். சண்டை போட்டிருந்தால் இருவருக்குமே நன்றாக இருந்திருக்கும்.

செல்வராணி பேசும் நிலைக்கு வர நாலு நாள் ஆயிற்று. ஜெயபாலன் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். வீட்டிலிருந்தே சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தார்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது ரொம்ப சின்ன ஆட்டம். நீங்க பாட்டுக்குக் குளிச்சிக்கிட்டு இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நா கத்தினதாலதான் விழுந்தீங்க. அதுக்கு முந்தின நாளு வராதுன்னு சொன்னதும் பொய்தான். எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

செல்வராணி கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு போனப்புறம் பதினாலு வருஷம் தனியா இருக்கேன்" என்றார் கடைசியில். "நீ அன்னிக்குக் கத்தினப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நம்மளயும் ஓடச் சொல்ல ஒரு ஆளு இருக்குன்னு தோணுச்சு. கால் வழுக்கினது என் தப்புப்பா. செருப்பு போட்டிருக்கணும்."

வரிசைப்படுத்திக் கொண்டுபோன எதுவும் அதற்குப் பிறகு உதவவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

வசந்தன் சைரன் விஷயமாக இரண்டுமுறை வந்தான். ஜெயபாலன் உட்காரவைத்து விளக்கினார். ரயிலுக்கும் லோரிக்கும் அது கூவும். கூவினால் வயதானவர்கள் ஓடுவார்கள், விழுவார்கள். பெரிய நிலநடுக்கம் பக்கத்திலேயே வந்தால் கூவுவதற்கே நேரம் இருக்காது. வசந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்வீங்க, மத்தவங்களுக்கு மாட்டீங்க, அப்படித்தானண்ணே?" என்றான். அதன்பின் எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைத்தான்.

ஒருநாள் காலை ஜெயபாலன் லேப்டாப்பின் வயரைப் பிடுங்கிவிட்டார். திரை இருண்டது. முன்னால் போய் உட்கார்ந்து நாளிதழ் படித்தார். ஒரு லோரி போனது. ரயிலா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் ஏதோ ஒன்று லேசாக அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் தாங்கினார். பிறகு போய் வயரைச் சொருகினார்.

ஒன்றரை மாதம் கழித்து ரூபேந்திரன் அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போக வந்தான். தம்போயில் அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. செல்வராணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகக் கார்வரை நடந்தார். வாசுகி பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனாள். காரில் உட்காரவைத்த பிறகு அவர் ஜெயபாலனை ஜன்னலருகே கூப்பிட்டார்.

"ஒம்போதாவது மாடின்றான் தம்பி. அங்க ஆடினா நா எங்க ஓடுறது? நீ இங்கருந்து பாத்துட்டு போன் பண்ணிடு, என்ன?"

ஜெயபாலன் மனதுக்குள் கணக்குப் போட்டார். போடாமல் இருக்க அவரால் முடியவில்லை. செகாமாட்டில் உடைந்தால், ஆட்டும் அலை பாலோவைத் தாண்டிய பிறகு தம்போய் போய்ச்சேர முப்பது வினாடி. போனை எடுத்து, எண்ணைத் தேடி, அங்கே மணியடித்து, அவர் கட்டிலிலிருந்து எட்டி எடுக்க அந்த முப்பதும் போய்விடும். லிஃப்டில் ஏறக்கூடாது. வாக்கரோடு ஒன்பது மாடி இறங்க எத்தனை நிமிடம்? பின் இருக்கையில் மடித்து வைத்திருந்த வாக்கரைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரூபேந்திரன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜாக்கிரதையா போய்ட்டு வாங்கக்கா" என்றார்.

செல்வராணி அதைச் சரி என்பதாக எடுத்துக்கொண்டார்.

இப்போது தினமும் காலை எட்டரைக்குச் செல்வராணிதான் போன் செய்கிறார். மருமகள் வேலைக்குப் போய்விடுகிறாள், மகன் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறான். ஒன்பதாவது மாடியில் காற்று அடித்தால் கதவு அடித்துக்கொள்கிறது, கீழே பெரிய வண்டி போனாலும் கட்டில் அதிர்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். அரை மணி நேரம் பேசுகிறார். சுற்றிவளைத்துக் கடைசியில் கேட்கிறார், "இன்னிக்கு எப்படி தம்பி?"

ஜெயபாலன் ஸ்டோர் அறைக்குப் போய்த் திரையைப் பார்க்கிறார். இரவு முழுக்க வரைந்த கோட்டை மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டு வருகிறார். ஆறு ரயில். விடிகாலையில் லோரிகள்.

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்லக்கா" என்கிறார்.

அது பொய் இல்லை. 'இதுவரைக்கும்' என்பதை ஒவ்வொரு நாளும் அழுத்தித்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பக்கம் செல்வராணி, "அப்போ சரி, நா குளிக்கப் போறேன்" என்று போனை வைத்துவிடுகிறார்.